நீலகிரித் தவளை, பழனிமலைத் தவளை: பெயர் மாறினால் வரைபடமும் ஏன் மாறுகிறது?

கொடைக்கானல் மேல்மலைச் சோலைகளில் ஓடைக் கரையோரம் ஒரு மரத்தவளை வாழ்கிறது. ஊட்டிப் பக்கத்துச் சோலை ஓடைகளில் தேடினாலும் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்று கிடைக்கும். 2008 வரை இரண்டுக்கும் ஒரே அறிவியல் பெயர்தான். நீலகிரி, பழனிமலை இரண்டையும் சேர்த்தே அதன் இருப்பிடமாகச் சொல்லிவந்தார்கள். அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரைக்குப் பிறகு கொடைக்கானல் தவளைக்கு வேறு பெயர் வந்தது. நீலகிரித் தவளையின் வரைபடத்தில் இருந்து பழனிமலை மொத்தமாக விலகிப்போனது. இத்தனைக்கும் தவளைகள் தாம் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

உயிரினங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் இரண்டு சொற்களை அடிக்கடி சந்திப்பார்கள். ஒன்று வகைப்பாடு: இந்த உயிர் யாருக்கு உறவு, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி. இன்னொன்று பரவல்: அது எங்கெல்லாம் வாழ்கிறது என்ற கேள்வி. பாடப்புத்தகத்தில் இவை தனித்தனித் தலைப்புகளாக வருவதால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாததுபோலத் தோன்றும். முதல் கேள்விக்கான விடையில் கைவைத்தால் இரண்டாவது விடையும் உடனே ஆடும் என்பதைக் காட்டத்தான் இந்த மலைத்தவளையை எடுத்துக்கொண்டேன்.

முதலில் வகைப்பாட்டின் படிகளை வேகமாகப் பார்த்துவிடலாம், பள்ளியில் படித்ததுதான். தவளை முதுகெலும்புள்ள விலங்கு. இருவாழ்விகள் என்ற வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்புக்குள் மூன்று வரிசைகள் உண்டு. வாலுள்ள சாலமாண்டர்கள் ஒன்று, மண்ணுக்குள் புழுப்போல வாழும் காலில்லாத சிசிலியன்கள் ஒன்று, வாலில்லாத தவளை தேரைகள் ஒன்று. இந்த மூன்றாவது வரிசையின் பெயர் அனூரா. உலகம் முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் இருக்கின்றன. வரிசைக்குக் கீழே குடும்பம், அதற்குக் கீழே பேரினம், கடைசியில் சிற்றினம்.

நம் மலைத்தவளை ராக்கோஃபோரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஆசியாவின் மரத்தவளைகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். இங்கே சற்று நின்று ஒரு காலை உற்றுப் பார்க்கலாம். விரல் நுனி ஒவ்வொன்றும் தட்டையாக, வட்டத் தட்டுபோல விரிந்திருக்கும். ஈரமான இலையிலும் வழுக்குப் பாறையிலும் பிடித்து நிற்பது இதனால்தான். தட்டு வெளியே தெரியும், ஆனால் குடும்பத்தின் அடையாளம் உள்ளே இருக்கிறது. விரலின் கடைசி எலும்புக்கும் அதற்கு முந்தைய எலும்புக்கும் நடுவே ஒரு சின்னக் குருத்தெலும்புத் துண்டு கூடுதலாக இருக்கும். அதனால் விரல் நுனி தனியாக வளைந்து, தட்டு முழுவதும் பரப்போடு ஒட்டிக்கொள்ளும். வயல் தவளைக்கு இந்தத் துண்டு கிடையாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வேறு கண்டங்களில் வாழும், இந்தக் குடும்பத்தைச் சேராத சில மரத்தவளைகளுக்கும் இதே துண்டு தனியாகத் தோன்றியிருக்கிறது. ஒரே வேலை, ஒரே மாதிரிக் கருவி. ஆகவே ஓர் உறுப்பு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து உறவு சொன்னால் ஏமாந்துவிடுவோம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இப்போது பெயருக்கு வருவோம். விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் முறையின் தொடக்கமாக லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட நூல் பதிப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அவர் காலத்தில் தவளை, தேரை, மரத்தவளை எல்லாமே ரானா என்ற ஒரே பேரினத்துக்குள் அடைபட்டுக் கிடந்தன. பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த தாமஸ் ஜெர்டன் பறவைகளோடு தவளை, பாம்புகளையும் சேகரித்தவர். 1853-இல் தென்னிந்திய ஊர்வனவற்றின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அந்தக் காலத்தில் தவளைகளையும் ஊர்வனவோடு சேர்த்துத்தான் எழுதுவார்கள். அதில் நீலகிரியில் கிடைத்த ஒரு மரத்தவளைக்குப் பாலிபெடேட்டஸ் வேரியபிலிஸ் என்று பெயர் வைத்தார். நிறம் ஆளுக்கு ஆள் மாறுகிற தவளை அது. ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு, இன்னொன்று இரண்டும் கலந்து புள்ளி போட்டிருக்கும்.

அப்புறம் நடந்தது கொஞ்சம் குழப்பம். 1864-இல் குந்தர் என்ற ஆய்வாளர் இதற்கு வேறொரு சிற்றினப் பெயர் வைத்துவிட்டார். பேரினமும் மாறியது, ஒரு காலத்தில் ராக்கோஃபோரஸ், இன்னொரு காலத்தில் மறுபடியும் பாலிபெடேட்டஸ். இப்படி ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் முறையாக வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது பெயரிடல் விதி. எனவே 1853 வென்றது, வேரியபிலிஸ் நிலைத்தது. பேரினத்தை எத்தனை தடவை மாற்றினாலும் சிற்றினப் பெயர் கூடவே போகும். இன்று அந்தத் தவளையின் முழுப்பெயரைக் காட்டிக்ஸாலஸ் வேரியபிலிஸ் (ஜெர்டன், 1853) என்று எழுதுகிறார்கள். ஜெர்டன் பெயரைச் சுற்றியுள்ள அடைப்புக்குறி அலங்காரத்துக்குப் போட்டதில்லை. சிற்றினத்துக்குப் பெயர் வைத்தவர் இவர்தான், ஆனால் அவர் வைத்த பேரினம் இப்போது மாறிவிட்டது என்று அது சொல்கிறது. பேரினம் மாறாமல் இருந்திருந்தால் அடைப்புக்குறி இருக்காது. இந்தச் சின்னக் குறியை வைத்தே ஒரு பெயரின் வரலாற்றில் பாதியைப் படித்துவிடலாம் என்பதால் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

சரி, காட்டிக்ஸாலஸ் எங்கிருந்து வந்தது? அதுதான் 2008. எஸ்.டி. பிஜு, கிம் ரோலன்ட்ஸ், ஃபிராங்கி பாசுயிட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்தத் தவளையின் டிஎன்ஏவை மற்ற மரத்தவளைகளோடு ஒப்பிட்டார்கள். இது பாலிபெடேட்டஸ் பேரினத்துக்குள் அடங்கவில்லை. ராக்கோஃபோரஸிலும் அடங்கவில்லை. அவற்றோடு நெருங்கிய உறவு இருந்தாலும் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்து தனியே வந்த கிளை என்று தெரிந்தது. விரல் தட்டையும் தோல் நிறத்தையும் மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதனால் புதுப் பேரினம் ஒன்று உருவாக்கினார்கள். கட்டுரையின் அடுத்த பாதி நமக்கு இன்னும் முக்கியம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே உள்ள பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பவையும் தெற்கே இருப்பவையும் உடலமைப்பிலும் டிஎன்ஏவிலும் வேறுபட்டன. தெற்கே இருப்பதற்குக் காட்டிக்ஸாலஸ் ஆஸ்டெராப்ஸ் என்று புதுப் பெயர் கொடுத்தார்கள். அதன் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தால் பாவையைச் சுற்றி நட்சத்திரம்போலக் கோடுகள் கிளம்பியிருக்கும். பெயர் அதை வைத்துத்தான்.

பிரித்தாயிற்று. இரண்டில் எதற்குப் பழைய பெயர், எதற்குப் புதுப் பெயர்? இங்கேதான் இடம் என்பது வகைப்பாட்டுக்குள் நுழைகிறது. மாவட்டம் பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். 1985-இல் மதுரை மாவட்டத்தைப் பிரித்துத் திண்டுக்கல் மாவட்டத்தை உருவாக்கியபோது மதுரை என்ற பெயர் மதுரை நகரத்தோடே இருந்துவிட்டது. கொடைக்கானல்காரர்கள் வீட்டைவிட்டு நகராமலே அவர்கள் விலாசத்தில் மாவட்டம் மாறியது. தவளை விஷயத்திலும் பழைய பெயர் முதன்முதலில் விவரிக்கப்பட்ட மாதிரி கிடைத்த இடத்துக்குச் சொந்தம். ஜெர்டன் விவரித்த மாதிரி கிடைத்த இடம் நீலகிரி. ஆகவே வேரியபிலிஸ் நீலகிரிக்குப் போனது, பழனிமலை உள்ளிட்ட தென்பகுதிக்குப் புதுப் பெயர் வந்தது. ஒரு சிற்றினத்தை விவரிக்கும்போது மாதிரி உயிரி எங்கே பிடிக்கப்பட்டது என்று துல்லியமாக எழுதச் சொல்லி ஆய்வாளர்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். பழைய அருங்காட்சியகச் சீட்டுகளில் ‘மலபார்’ என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்தால் அழுகைதான் வரும். அந்தக் காலத்தில் மேற்குக் கரையோர மலைகளில் எங்கே பிடித்தாலும் மலபார்தான்.

பாலக்காட்டுக் கணவாயை ஏன் எல்லையாகப் பார்க்கிறார்கள்? ஊட்டியிலிருந்து கொடைக்கானலுக்குச் சாலையில் போய்ப் பாருங்கள். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர், உடுமலை, பழனி என்று வெயிலில் கடந்து, மறுபடி மலைப்பாதையில் ஏற வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கோயம்புத்தூர் 400 மீட்டரை ஒட்டியது. கணவாய்க்குள்ளேயே இருக்கும் பாலக்காடு நகரம் நூறு மீட்டரைக்கூடத் தொடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீளத்தில் விழுந்த மிகப்பெரிய இடைவெளி இது, அகலம் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் வரை. பழனிமலை, ஆனைமலையோடு ஒட்டிக் கிழக்கே நீண்ட கிளை. ஆனைமலையிலிருந்து பழனிமலைக்கு உயரம் அறுபடாமல் போக முடியும். நீலகிரிக்கு அப்படி வழி கிடையாது.

பஸ்ஸில் வருகிற நமக்கு அது சில மணி நேரப் பயணம். தவளைக்கு அப்படி இல்லை. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. தோலின் வழியே சுவாசிக்கவும் செய்கிறது. அதற்குத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஈரமான தோல் வேகமாக உலரவும் செய்யும். சோலையின் குளிரில் பழகிய ஒரு மலைத்தவளை, கணவாயின் சூட்டையும் வறட்சியையும் கடந்து எதிர் மலைக்கு ஏறுவது நடக்காத காரியம். இரண்டு பக்கமும் கலந்து இனப்பெருக்கம் செய்யாமல் தலைமுறை தலைமுறையாகப் போனால், சின்னச் சின்ன மாற்றங்கள் தனித்தனியே சேர்ந்து இரண்டு சிற்றினங்களாகிவிடும்.

தவளைக்கு மட்டும் நடந்த கதையும் இல்லை இது. பறவை பார்ப்பவர்கள் நீலகிரிச் சிரிப்பானையும் பழனிமலைச் சிரிப்பானையும் தனித்தனிச் சிற்றினங்களாக எண்ணுவார்கள். சோலைக்கிளி எனப்படும் சின்னஞ்சிறு நீலப் பறவையிலும் நீலகிரிக்கு ஒன்று, கணவாய்க்குத் தெற்கே இன்னொன்று. இவ்வளவுக்கும் இவை இறக்கை உள்ள உயிர்கள். மாறாக, வரையாடு கணவாயின் இருபுறமும் ஒரே சிற்றினமாகவே இருக்கிறது. ஆகையால் கணவாய் இருக்கிறது என்பதாலேயே எல்லா உயிரும் இரண்டாகப் பிரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

எப்படிச் சோதிப்பார்கள்? மூக்கு நுனியிலிருந்து ஆசனவாய் வரை உடல் நீளம், தலை அகலம், கண்ணின் அளவு, விரலிடைச் சவ்வு எதுவரை போகிறது என்றெல்லாம் அளப்பார்கள். ஆண் தவளையின் குரலைப் பதிவு செய்து, ஒரு கத்தலில் எத்தனை துடிப்பு, எந்தச் சுருதி என்று பிரித்துப் பார்ப்பார்கள். பெண் தவளை தன் இனத்து ஆணின் குரலைத்தான் தேடி வரும், அதனால் குரல் வலுவான சாட்சி. அப்புறம் டிஎன்ஏ. மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டினால் சந்தேகம் குறைவு. டிஎன்ஏ மட்டும் கொஞ்சம் வேறுபட்டு மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்தான் சண்டை வரும். எவ்வளவு வேறுபாடு இருந்தால் தனிச் சிற்றினம் என்பதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே அளவுகோல் கிடையாது. சிற்றினம் என்பதை ஆதாரத்தோடு வைக்கப்பட்ட கருத்தாகப் படித்தால், நாளைக்கு அது மாறும்போது ‘முன்னாடி தப்பாகச் சொல்லிவிட்டார்களே’ என்று கோபம் வராது.

இனி பரவல். வழிகாட்டிப் புத்தகத்தில் பழனிமலை மேல் ஒரு பச்சைத் திட்டு வரைந்து ‘ஆஸ்டெராப்ஸ் இங்கே வாழ்கிறது’ என்று போட்டிருந்தால், அந்தத் திட்டின் மூலைமுடுக்கெல்லாம் தவளை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொடைக்கானல் ஏரிச்சாலையில் இருக்காது, மன்னவனூர்ப் பூண்டு வயலில் இருக்காது. உண்மையான இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க வரைபடத்தைப் படிப்படியாகச் சுருக்க வேண்டும். முதலில் உயரம், அதாவது மலையின் மேற்பகுதி மட்டும். பிறகு காடு. சோலைக்காடு என்பது சுமார் 1,700 மீட்டருக்கு மேல் புல்வெளிகளுக்கு நடுவே மலை மடிப்புகளில் அடர்ந்திருக்கும் குட்டையான பசுமைமாறாக் காடு. வெப்பமண்டல மழைக்காட்டின் மலை உச்சி வடிவம் என்று சொல்லலாம். புல்வெளியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போதும் சோலைக்குள் மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். கடைசியாக ஓடை. இந்தத் தவளையின் தலைப்பிரட்டைகள் மலை ஓடை நீரில் வளர்பவை. சோலை இருந்தும் ஓடை இல்லையென்றால் அங்கே குஞ்சு இல்லை. இப்படிச் சுருக்கிக்கொண்டே வந்தால் பச்சைத் திட்டு மறைந்து, மடிப்பு மடிப்பாகச் சில மெல்லிய கோடுகள்தான் மிஞ்சும்.

எல்லாத் தவளைக்கும் இப்படி இல்லை. நம் வீட்டு வாசலில் விளக்கடியில் பூச்சி பிடிக்க உட்காரும் தேரை டட்டாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ், தென்னாசியா தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. தடித்த உலர்ந்த தோல். தேங்கிய குட்டை எதிலும் முட்டையிடும். மனிதர் நடமாட்டம் அதற்கு இடைஞ்சலே இல்லை. டட்டாஃபிரைனஸ் என்ற அதன் பேரினப் பெயர் இந்தியத் தவளை ஆய்வாளர் சுஷில் குமார் தத்தாவின் பெயரால் அமைந்தது. சமவெளி வீடுகளின் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பயமுறுத்தும் பழுப்பு மரத்தவளை பாலிபெடேட்டஸ் மாகுலேட்டஸும் ஊர் ஊராகப் பரவியதுதான். பெண் தவளை தன் உடலிலிருந்து வரும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்தடித்து நுரையாக்கி, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் வெள்ளைக் கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். சில நாள் கழித்துத் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து தண்ணீரில் விழும். சிமெண்டுத் தொட்டி போதும் என்கிற தவளைக்குப் பரவல் அகலமாகத்தான் இருக்கும்.

நேர் எதிர்க் கோடியில் இருப்பவை ராவோர்கெஸ்டஸ் என்ற புதர்த் தவளைகள். பெங்களூரில் பணியாற்றிய விலங்கியலாளர் சி.ஆர். நாராயண ராவின் நினைவாக 2010-இல் வைத்த பேரினப் பெயர். கட்டைவிரல் அளவுகூட வராத இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. ஈரமான மண்ணிலும் சருகிலும் இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். ஓடை தேவையில்லை, எனவே எங்கும் போகலாம் என்று நினைப்போம். ஆனால் முட்டை உலராமல் இருக்க இடைவிடாத ஈரம் வேண்டும். அதனால் மலைக்கு மலை தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரிந்துகிடக்கின்றன. நீலகிரியில் ராவோர்கெஸ்டஸ் டின்னியன்ஸ், கொடைக்கானலில் ராவோர்கெஸ்டஸ் டுபாய்ஸ். 2006-இல்தான் டுபாய்ஸுக்குப் பெயரே வைத்தார்கள்.

பரவலுக்குக் காலமும் உண்டு என்பதைப் புதிதாகத் தேடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். நீலகிரியின் மேற்குச் சரிவில், அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம், தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டித்தீர்க்கும். பழனிமலை ஆனைமலைக்குக் கிழக்கே மறைவில் இருப்பதால் அங்கே அக்டோபர், நவம்பர் மழைக்குத்தான் கனம் அதிகம். எந்த மாதம் தேடினோம் என்று எழுதாமல் ‘இந்தச் சோலையில் தவளை இல்லை’ என்று மட்டும் குறித்துவைத்தால் அந்தக் குறிப்பால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

பெயரைப் பிரித்ததால் நடைமுறையில் என்ன மாறியது? இரண்டு மலைத்தொகுதிகளில் வாழும் ஒரே சிற்றினம் என்று கணக்கில் இருந்தபோது, ஒரு பக்கம் சோலை அழிந்தாலும் மறுபக்கம் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்ல இடம் இருந்தது. இரண்டு சிற்றினம் என்றானதும் அந்த ஆறுதல் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் அதன் பக்கத்துச் சோலை மட்டுமே. அந்தச் சோலைகளைச் சுற்றித்தான் வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் தேயிலையும் இருக்கின்றன. ஓடைகளில்தான் தங்கும் விடுதிகளின் சோப்புத் தண்ணீரும் கலக்கிறது. 2015-இல் கணவாய்க்குத் தெற்கே இருந்து காட்டிக்ஸாலஸ் மாக்னஸ் என்ற மூன்றாவது சிற்றினமும் விவரிக்கப்பட்டது. இதனால் இன்னொரு தலைவலி. முன்பெல்லாம் ‘கணவாய்க்குத் தெற்கே எடுத்த படமா, அப்போ ஆஸ்டெராப்ஸ்’ என்று இடத்தை வைத்துப் பெயர் சொல்லிவிடும் வழக்கம் இருந்தது. இணையத்தில் படம் பதிவேற்றுகிற பலர் இன்னும் அப்படித்தான் செய்கிறார்கள். இடத்தை வைத்துப் பெயர் சொல்லி, அந்தப் பெயரை வைத்து மறுபடி பரவல் வரைபடம் வரைந்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்போம். வரைபடம் சரியா என்று சோதிக்க எதுவுமே மிஞ்சாது.

அதனால் படம் எடுக்கிறவர்கள் முதுகை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். கண், விரல் நுனி, பின்னங்கால் சவ்வு, இடுப்போரத்துப் புள்ளிகள் இவை தெரிகிற மாதிரி தனித்தனிப் படங்கள் வேண்டும். கத்தினால் செல்போனில் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். நாள், நேரம், உயரம், ஓடையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொசு விரட்டி பூசிய கையால் தொட வேண்டாம். தண்ணீரை உறிஞ்சுகிற தோல் அதையும் உறிஞ்சிவிடும். காப்புக்காட்டுச் சோலைகளுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை, இரவில் என்றால் இன்னும் கட்டாயம். சாலையோரப் பாலத்தடி ஓடைகளில் மழைக்காலத்து மாலை நேரத்தில் நின்று கேட்டாலே தொடக்கத்துக்குப் போதுமான குரல்கள் கிடைக்கும்.